திருப்புளித் தேர்வுக் குழுவின் தன்னலமற்ற பணி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்தச் சோம்பலைக் கலைத்து நாகரிகத்தை அடுத்த படிக்கு ஏற்றிய பெருமை, நுண்கருவிப் பழுதுநீக்கு நிலையத்தின் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் கூடிய 'தரமான திருப்புளித் தேர்வுக் குழு'வையே சேரும். இதை மறுப்பவர்கள் ஒன்று வரலாறு அறியாதவர்கள். அல்லது அந்த நிலையத்தில் எதையாவது பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். இரண்டாம் வகையினர்தான் ஊரில் அதிகம்.

குழுவின் தலைவரை எல்லாரும் மைக்ரான் என்றே அழைத்தார்கள். ஒரு மயிரிழையைக் கொடுத்தால் அதை நெடுக்காகப் பிளந்து, எந்தப் பாதி தடிமன் என்று விசாரிக்கக் கூடியவர். அவரைக் கடைக்கு அனுப்புவதை மனைவி நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. "அனுப்பினா சாமான் வராது, அபிப்பிராயம்தான் வரும்" என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு. மைக்ரான் அதை ஒரு நற்சான்றாகவே பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

குழு பிறந்த கதை இது. ஒரு நாள் காலையில் மைக்ரானின் அக்கா நிலையத்துக்கு வந்தாள். மார்க்கெட் கொட்டகையின் மூலையில் பொத்தான், ஜிப், கொக்கி, லேஸ் விற்கும் கடை அவளுடையது. பேரத்தில் அவளை வென்றவர் யாரும் கிடையாது. வென்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. இத்தனைக்கும் காது மந்தம். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதுதான் அவளுக்குக் காது. அன்றைக்கு அந்தக் காதைக் கழற்றித் தம்பியின் மேஜைமேல் வைத்தாள்.

"நேத்துலேருந்து செத்துக் கெடக்குடா. உள்ள ஒயர் விட்டுப் போயிருக்கும், போன தடவையும் அதான். தொறந்து ஒரு பொட்டு ஈயம் வச்சுக் குடு. அடுத்த மாசம் ஏலம் வருது."

ஏலம் என்றால் விளையாட்டில்லை. கொட்டகையிலுள்ள கடைகளுக்குக் குத்தகை முடியும்போதெல்லாம் மறுபடி ஏலம் விடுவார்கள். எழுதிப் போடுவதெல்லாம் கிடையாது; எல்லாம் வாய்ப்பேச்சு. எதிராளி ஒரு தொகையைக் கத்துவான். நாம் அதற்குமேல் கத்த வேண்டும். எதிராளி கத்தியது காதில் விழாவிட்டால் கடை கைமாறிவிடும். அக்காவுக்கு வேறு பிழைப்பும் இல்லை; வேறு பிழைப்பு பழகும் வயதும் இல்லை.

மைக்ரானின் உதவியாளர், நெற்றியில் எப்போதும் பூதக்கண்ணாடியோடு திரிவதால் லென்ஸ் என்று பெயர் பெற்றவர், மேஜை டிராயரிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்து மெஷினின் ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பினார். முனை லேசாக வழுக்கியது.

"நிறுத்துங்க!" என்றார் மைக்ரான்.

லென்ஸ் கையைத் தூக்கிவிட்டார், யாரோ துப்பாக்கி காட்டியதைப் போல.

"ஒண்ணும் ஆகல சார். முனை சேரல, அவ்வளவுதான். வேற முனை போட்டா வந்துடும்."

"வேற முனைன்னா எந்த முனை? சொல்லுங்க பாப்போம். பாக்கறதுக்கு எல்லாம் ஒரே கூட்டல் குறி. ஆனா கோணம் வேற, ஆழம் வேற, எஃகு வேற. இது தெரியாமத்தான் உலகம் பூரா ஸ்க்ரூ தேஞ்சுக்கிட்டிருக்கு. நாமளும் தேய்க்கணுமா?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பேரழிவுகள் பெரும்பாலும் இப்படித்தான், தப்பே இல்லாத ஒரு பேச்சில் தொடங்குகின்றன.

அன்று பிற்பகலே குழு அமைந்தது. தலைவர் மைக்ரான். உறுப்பினர் லென்ஸ். மாற்றுக் கருத்து எழுந்தால் பதிவு செய்வதற்காகக் கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவர். மாற்றுக் கருத்து எழாததால் அவர் எல்லாக் கூட்டங்களிலும் ஸ்வெட்டர் பின்னினார். தரமான திருப்புளி தேர்வாகும்வரை எந்தக் கருவியையும் எவரும் திறக்கக் கூடாது என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. நிலையத்தில் பழுதுபார்ப்பு நின்றது. அதற்குமுன் இத்தனை ஒழுங்காக அங்கே எதுவும் நடந்ததில்லை.

"சார், உங்க அக்காவோடத மட்டும் முதல்ல முடிச்சுடலாமே?" என்றார் லென்ஸ்.

மைக்ரான் அவரைப் பார்த்த பார்வையில் துயரம் இருந்தது.

"அக்காங்கறதுக்காகச் சலுகையா? இந்த நாட்டுல எல்லாம் கெட்டது இதனாலதான். அவங்க மெஷின் வரிசைலதான் நிக்கும்." சற்று யோசித்தார். ரத்தபாசம் அவருக்கும் உண்டு. "வேணும்னா ஒரு கௌரவம் பண்ணலாம். வர்ற எல்லாத் திருப்புளியையும் அந்த மெஷின்லயே சோதிச்சுப் பாப்போம்."

ஆக அக்காவின் காது, 'மாதிரிச் சாதனம்' என்ற பதவி உயர்வு பெற்று, பச்சை வெல்வெட் துணிமேல் ஏறி உட்கார்ந்தது. 'வேறு எங்காவது கொடுத்துக்கொள்கிறேன்' என்று அக்கா சொன்னபோது மைக்ரான் பதறிப்போனார். வெளியில் கண்டவனும் கண்ட முனையைப் போட்டு ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிடுவான் என்று அவள் முகத்துக்கு நேராக வாயசைத்து விளக்கினார். தம்பி இத்தனை அக்கறையாகச் சொல்லும்போது அக்கா என்ன செய்வாள்? நம்பினாள்.

தரம் தேடுகிறார்கள் என்ற செய்தி பரவினால் தரம் தானாக நடந்துவராது. அதை விற்பவர் வருவார். சாம்பிள்காரர் வந்தார். கறுப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, நகைக்கடைக்காரர் மாதிரி மெதுவாகத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு திருப்புளி படுத்திருந்தது. அதை வெளியில் எடுக்காமலே பெட்டியை மூடவும் போனார்.

"வேணாம் சார். உங்களுக்கு இதைக் காட்டவே கூச்சமா இருக்கு."

"ஏன்? பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"மத்தவங்களுக்கு நல்லாருக்கும் சார். உங்க கண்ணுக்கு இது பத்தாது. இதுக்கு மேல ஒண்ணு வருது. அதக் கொண்டாந்து காட்டறேன்."

கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். சரக்கைப் புகழ்ந்தால் வாங்குபவன் சந்தேகப்படுவான். வாங்குபவனைப் புகழ்ந்தால் சரக்கைப் பற்றிக் கேட்கவே மாட்டான். மைக்ரான் கடைத்தெருவுக்கு அனுப்பப்படாதவர். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் ஒரு வியாபாரியை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டு நெகிழ்ந்துபோனார்.

இருந்தாலும் முறைப்படி சோதனை நடந்தது. பிடியின் உச்சியிலுள்ள மூடி தங்குதடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்தார்கள். பிடியை ஈரக்கையால், உலர்ந்த கையால், கையுறை போட்ட கையால் பிடித்துப் பார்த்தார்கள். மைக்ரான் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தன் கன்னத்தில் உருட்டினார். "சமநிலை" என்று முணுமுணுத்தார். கணக்குப் பிரிவு அம்மாள் ஒரு வரிசை பின்னி முடித்தார்.

கடைசியாக மாதிரிச் சாதனம். லென்ஸ் முனையை ஸ்க்ரூவில் பொருத்தித் திருப்பினார். அழகாகப் பொருந்தி, ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்தது.

"சார், இளகிடுச்சு! அப்படியே கழட்டிடவா? ஒயரை ஒட்ட வச்சிடலாம்."

"கழட்டறதா? அப்ப அடுத்த சாம்பிளுக்கு எதை வச்சுச் சோதிப்பீங்க? முன்னாடியே இளகின ஸ்க்ரூன்னா அதுக்கு வேலை சுலபமாயிடும். இது நியாயமா? எல்லாத் திருப்புளிக்கும் சம வாய்ப்பு இருக்கணும். இறுக்குங்க!"

லென்ஸ் இறுக்கினார்.

உலகத்தில் திருப்புளிகளுக்கு அப்படியொரு நீதி அதுவரை வழங்கப்பட்டதில்லை. அடுத்த சாம்பிள் வந்தது, ஸ்க்ரூ இளகியது, சம வாய்ப்புக்காக மீண்டும் இறுகியது. அதற்கடுத்ததும் அப்படியே. சில திருப்புளிகள் பொருந்தின, சில வழுக்கின. வழுக்கியவற்றுக்கு 'அன்று சூழ்நிலை சரியில்லாமல் இருந்திருக்கலாம்' என்று மறுவாய்ப்பும் தரப்பட்டது. அக்காவின் காது தினமும் திறக்கப் போகும் தறுவாய்வரை போய், தினமும் திரும்பி வந்தது.

ஒரு நாள் சாம்பிள்காரர் இருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். தம்பிக்கு நேரே நின்று, தனக்கே கேட்காத குரலில், அதாவது கட்டடத்துக்கே கேட்கும் குரலில், கேட்டாள்.

"என்னடா, காது கெடைக்குமா கெடைக்காதா? ஏலத்துக்கு நாள் நெருங்குது. அங்க நான் ஊமைப்படம் பாக்கற மாதிரியா நிக்கறது?"

மைக்ரான் அவளை அமைதிப்படுத்துவதற்குள் சாம்பிள்காரர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உதடு படிப்பாள் என்று தெரிந்ததும் நேராக முகம் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"எந்தக் கடைம்மா உங்களுது? மூலைல இருக்கே, ரெண்டு பக்கமும் வாசல் வச்சு, அதா?"

"அதேதான்."

"நல்ல எடம்மா. வெயிலும் படாது, கூட்டமும் நிக்கும். போட்டிக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"பக்கத்துக் கடைக்காரங்க யாரும் என் எடத்துல கை வைக்க மாட்டாங்க. வெளியாள் வந்தாத்தான் உண்டு."

"சேச்சே, யாரும்மா வரப்போறாங்க!"

ஒரு திருப்புளி விற்பவருக்கு வாடிக்கையாளரின் குடும்பத்தார்மேல் இவ்வளவு கரிசனமா என்று மைக்ரானுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போனபிறகு சாம்பிள்காரர் தணிந்த குரலில் சொன்னார்:

"அவசரப்படாதீங்க சார். அக்கான்னு பாசத்துல ஏதோ ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? ஏலம் வரைக்கும்... நான் சொல்றது, மாசக் கடைசி வரைக்கும் நெறைய சாம்பிள் வருது."

வீட்டில் இவ்வளவு உயர்ந்த சிந்தனைக்கு இடமில்லை.

"உங்க அக்கா நேத்து வந்தாங்க," என்றாள் மனைவி. "நான் அடுப்படியிலேருந்தே பேசிட்டேன். திரும்பிப் பாத்தா பாவம், நான் பேசினதே தெரியாம செவத்தப் பாத்து உக்காந்திருக்காங்க. ஒரு ஸ்க்ரூ! குடுங்க என்கிட்ட. நான் கத்தி முனைல தொறந்து குடுக்கறேன்."

மைக்ரான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"கத்தியா? வாய்ல அடிச்சுக்கோ. யார் காதுலயாவது விழுந்தா என் மரியாதை என்ன ஆகறது?"

"விழுந்தா சந்தோஷம்தான். உங்க அக்கா காதுல ஒண்ணும் விழலங்கறதுதானே இப்பப் பிரச்சினை?"

இப்படியே ஏல நாள் வந்துவிட்டது. மெஷின் தயாராகவில்லை என்பதால் மைக்ரான் ஒரு மாற்று ஏற்பாடு செய்திருந்தார். அவரே அக்காவின் பக்கத்தில் நின்று காதாக இருப்பார். எதிராளி ஏற்றினால் அக்காவின் தோளைத் தட்டுவார். அவள் கையைத் தூக்குவாள். அவ்வளவுதான். அக்காவும் அதற்குச் சம்மதித்து, "மறக்காம வந்துடுடா, உன்னத்தான் நம்பியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு முன்னாலேயே மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

மைக்ரான் இஸ்திரி போட்ட சட்டையோடு படி இறங்கும்போது, கீழே சாம்பிள்காரர் நின்றிருந்தார். கையில் பெட்டி. இந்தத் தடவை பெட்டியே வேறு, மூலைகளில் பித்தளை.

"வந்துடுச்சு சார். நான் சொன்னேனே, அது. இன்னிக்கு ஒரு நாள்தான் கையில இருக்கும்."

"இன்னிக்கா? இன்னிக்கு அக்காவோட ஏலம் இருக்கே..."

"அடடா, மறந்தே போய்ட்டேன். நீங்க போய்ட்டு வாங்க சார். குடும்பம்தானே முக்கியம்?" சாம்பிள்காரர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். "இதப் பாக்கறதுக்கு வேற எடத்துல ஆளு காத்துக்கிட்டிருக்காங்க. அங்க குடுத்துக்கறேன். அவங்களுக்கு இதோட அருமை தெரியாது, அதான் மனசு கேக்கல."

பத்தடி போக விட்டால் சரக்கின் மதிப்பு இரட்டிப்பாகும் என்பது வியாபாரத்தின் பாலபாடம். மைக்ரான் அவரை நான்கடிகூடப் போக விடவில்லை.

"நில்லுங்க! ஏலம் உடனே ஆரம்பிச்சுடாது. ஒரு பார்வை பாத்துட்டு ஓடிடறேன்."

"பொறுமையாப் பாருங்க சார்," என்று பெட்டியை அவர் கையில் வைத்தார் சாம்பிள்காரர். "நீங்க பாத்துக்கிட்டிருங்க. எனக்கு மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன வேலை இருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்."

குழு அவசரமாகக் கூடியது. பெட்டி திறந்தது. கணக்குப் பிரிவு அம்மாள்கூட ஊசியைக் கீழே வைத்தார். மைக்ரான் அதைக் கன்னத்தில் உருட்டினார், உள்ளங்கையில் நிறுத்தினார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நேரம் போவது தெரியாமல் இருப்பதுதான் உயர்ந்த கலையின் இலக்கணம் என்றால், அது உயர்ந்த கலைதான். பிறகு லென்ஸ் அதை மாதிரிச் சாதனத்தில் வைத்துத் திருப்பினார். திருப்பினார். இன்னும் திருப்பினார்.

"என்ன மென்மை!" என்றார் மைக்ரான். "ஒரு சத்தம் உண்டா, ஒரு தடங்கல் உண்டா? வெண்ணெய்ல போற மாதிரி போகுது பாருங்க!"

லென்ஸ் பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். நெடுநேரம் குனிந்திருந்தார்.

"சார்... திருப்புளி சுத்துது. ஸ்க்ரூ சுத்தல."

"என்ன?"

"தலைல குழியே இல்ல சார். பட்டாணி மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. போட்டுப் போட்டு எடுத்ததுல."

மைக்ரான் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ஸ்க்ரூவைப் பார்த்தார், பிறகு, நிபுணர் ஆகையால், திருப்புளியின் முனையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஆனா இங்க பாருங்க! இவ்வளவு சுத்தியும் முனைல ஒரு கீறல் இருக்கா? இதுதான்யா தரம்!"

தேர்வு ஒருமனதாக முடிந்தது. கை தட்டினார்கள்.

அந்த நேரத்தில் மார்க்கெட்டில் நடந்ததைப் பிற்பாடு பக்கத்துச் சாக்குக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அக்கா, ஏலம் கேட்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றோரம் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தம்பி வரவில்லை. சரி, உதடு பார்த்துச் சமாளிக்கலாம் என்றால், ஏலக்காரர் வாய்க்கு முன்னால் ஒரு பெரிய மைக்கைப் பிடித்திருந்தார். அவள் கடையின் முறை வந்தது. அவள் கையைத் தூக்கித் தன் தொகையைச் சொன்னாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சாக்குக்கடைக்காரர் "அக்கா, அக்கா, ஏத்துங்க!" என்று அடித்தொண்டையில் கத்தினார், கயிற்றுக்கு அந்தப் பக்கம், அவள் முதுகுக்குப் பின்னால். ஏலக்காரர் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்றார். இத்தனை தரத்தை ஒரே மூச்சில் கேட்டிருந்தால் மைக்ரானுக்குப் புல்லரித்திருக்கும். மேஜையில் சுத்தியல் விழுந்தது. மேஜை அதிர்ந்ததைக் கண்ட அக்கா, கடை தனக்குத்தான் என்று நினைத்து, எல்லாப் பக்கமும் திரும்பிக் கைகூப்பி நன்றி சொன்னாளாம். யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மைக்ரான் பெட்டியையும் மெஷினையும் நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. அக்கா கடை வாசலில் பொத்தான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூல்மேல் ஏறி அவளுடைய பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் சாம்பிள்காரர். அவர் கையிலிருந்தது, துருவேறி, பிடியில் பிளாஸ்திரி சுற்றிய ஒரு பழைய திருப்புளி. சர்சர் என்று ஸ்க்ரூக்கள் உதிர்ந்தன.

மைக்ரான் திகைத்து நின்றார். எந்த அதிர்ச்சி முதலில் தாக்கியது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நீங்க போய் இந்தத் துருப்பிடிச்ச இரும்பையா பிடிக்கறது?"

"சார், வாங்க வாங்க!" சாம்பிள்காரர் மேலேயிருந்தே சிரித்தார். "அது உங்களுக்கு சார். எனக்கு வேலை ஆகணுமே!"

பலகை கீழே வந்தது. மைக்ரானின் புத்தி அப்போதுதான் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்காவின் முன்னால் குனிந்து, உதடு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அக்கா... வர முடியல. குழு கூடிடுச்சு."

அவள் கையை நீட்டினாள். அவர் மெஷினை அதில் வைத்தார். அவள் ஸ்க்ரூவின் தலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பொத்தான் தடவிய விரல். அதற்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"தேஞ்சிடுச்சு," என்றார் மைக்ரான். "சோதனைல. ஆனா அக்கா, தேர்ந்தெடுத்துட்டோம். இதப் பாரேன்." பித்தளை மூலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். "இத்தனைக்கும் முனைல ஒரு கீறல் இல்ல."

அக்கா அந்தத் திருப்புளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சரக்கை எடைபோடும் அதே கண்ணால் முனையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். ஊருக்கே கேட்கும் அந்தக் குரலில் சொன்னாள்:

"நல்லாத்தான் தேடிப் புடிச்சிருக்க. அப்படியே உன்ன மாதிரி ஒண்ணு. தேஞ்சதெல்லாம் அடுத்தவங்க தலை. உன் மேல ஒரு கீறல் இல்ல."